நிலநடுக்கத்தின் மேல் எழுதிய தீர்ப்புகள்

சென்ற ஆண்டு எம் மத்ரஸா மாணவர் சிலரை நெய்வேலிச் சுரங்கம் காண அழைத்துச் சென்றிருந்தோம். மேல்பட்டாம்பாக்கத்தில் பேருந்தேறிப் பண்ருட்டி வழியாகச் சென்றால் தொலைவு பெரிதன்று. சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், செம்மண்ணும் மணற்பாறையும் களிமண்ணுமாக நிலம் படிப்படியாக இறங்கி, அடியில் கரிய பட்டையாகப் பழுப்பு நிலக்கரி கிடப்பது தெரியும். மாபெரும் சக்கரங்கள் பூட்டிய எந்திரங்கள் அங்கே எறும்பளவில் ஊர்கின்றன. மாணவருள் இளையவன், "ஹஜ்ரத், இவ்வளவு ஆழம் தோண்டினா பூமி ஆடாதா?" என்று கேட்டான். நாம் வாய் திறக்குமுன் மூத்தவன் ஒருவன் முந்திக்கொண்டான். "தோண்டினா ஆடாதுடா. பாவம் கூடினாத்தான் ஆடும்."

இளையவன் கேட்டதற்கு விடை கூறுதல் எளிது. நெய்வேலியைப் போல மேலிருந்து திறந்து வெட்டும் சுரங்கத்தால் ஊர்கள் இடியும் நடுக்கம் வருவதில்லை. கோலார் தங்கவயலில் மிக ஆழத்தில் பாறை வெடித்து நிலம் அதிர்ந்ததுண்டு. மராட்டிய நாட்டில் கொய்னா அணையில் நீர் தேங்கிய பின் 1967ஆம் ஆண்டு டிசம்பரில் நேர்ந்த நடுக்கத்துக்கு அந்த நீர்த்தேக்கமே காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர். இவற்றைச் சொல்லி அவனை அமைதிப்படுத்தினோம். மூத்தவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்கருத்தை அவன் எங்கே கற்றான் என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஊர் திரும்பிய பின், நிலநடுக்கம் பற்றிப் பெரியோர் எழுதியவற்றையும் பேசியவற்றையும் எடுத்து மறுபடியும் படித்தோம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதி அதற்கு மிகப் பொருத்தமான காலம். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதி அதிர்ந்தது. 1905 ஏப்ரல் 4இல் காங்கிரா பள்ளத்தாக்கில் சுமார் 20,000 பேர் மாண்டனர். 1908 டிசம்பர் 28இல் இத்தாலியின் மெசினா நகரம் அழிந்தது. 1920இல் சீனம், 1923இல் ஜப்பான், 1934இல் பீகார், 1935இல் குவெட்டா என்று அடுத்தடுத்து நிலம் புரண்ட காலம் அது. நாளிதழும் தந்தியும் பெருகிவிட்டமையால், ஓரூரில் விழுந்த சுவரின் ஓசை மறுநாளே உலகெங்கும் கேட்டது. கேட்டவர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பொருள் உரைத்தனர். நாம் இங்கே ஆராயப் புகுவது நடுக்கங்களை அன்று, அவற்றின்மேல் எழுதப்பட்ட உரைகளையே.

அவ்வுரைகளுள் தலையாயது தமிழ் மண்ணில் பிறந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டு மணி பதின்மூன்று நிமிடம். ஹிஜ்ரிக் கணக்கில் அது 1352ஆம் ஆண்டு ரமளானின் கடைசி நாட்கள். பெருநாளுக்கு இரண்டொரு நாளே இருந்தது. வட பீகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கியது. முங்கேர் நகரத்துக் கடைத்தெரு கற்குவியலாயிற்று. முசாபர்பூரும் தர்பங்காவும் பெருஞ்சேதம் கண்டன. வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டன. கட்டடங்கள் சாய்ந்து மண்ணுள் இறங்கின. நீர் ஊறிய வண்டல் மண் அதிர்ச்சியில் கூழாகிப் பாரம் தாங்கும் வலுவை இழந்துவிடுவதே அதன் காரணம். இருநாட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். நோன்பு நோற்றிருந்த முஸ்லிம்களும் அவருள் அடங்குவர் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசும்போது, பீகாரில் நேர்ந்தது தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்ற கருத்தை வெளியிட்டார். தம்மை மூடநம்பிக்கையுடையவர் என்று பிறர் எள்ளினும் தாம் அவ்வாறே நம்புவதாகக் கூறினார். செய்தி வங்காளம் சென்றது. தாகூர் வருந்தி மறுப்பு எழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' ஏட்டிலேயே பிப்ரவரி 16ஆம் நாள் வெளியிட்டு, தம் விடையையும் உடன் அச்சிட்டார். தம்மை மறுப்பவரின் எழுத்துக்குத் தம் ஏட்டில் இடம் தந்த அப்பண்பு இன்றைய ஏடுகளில் அரிதாகி வருகிறது.

தாகூரின் வாதம் இரு கிளையுடையது. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு, அதனை ஒழுக்கக் கணக்கோடு பிணைத்தல் அறிவுக்கு ஒவ்வாதது என்பது ஒன்று. குற்றமற்றவரையும் குற்றவாளியையும் பிரிக்காமல், தூரத்திலிருக்கும் பாவிகளுக்காக இங்கிருக்கும் ஏழைகளை நசுக்கும் ஓர் இறைவனைக் கற்பித்தால், நேர்மையுள்ள மனிதன் அவனினும் உயர்ந்தவனாகிவிடுவான் அல்லவா என்பது மற்றொன்று. தீண்டாமை கொடியது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. நல்ல நோக்கத்துக்கும் தவறான வாதத்தைத் துணைக்கழைத்தல் கூடாது என்பதே தாகூரின் கவலை. மக்கள் ஏற்கெனவே நம்பத் துடிக்கும் ஒன்றை, மக்கள் மிக நம்பும் ஒருவர் சொல்லிவிட்டாரே என்று அவர் அஞ்சினார்.

காந்தியடிகளின் விடை வாதமாக வலிவற்றது, சாட்சியமாக வலியது. மெய்ப்பிக்கத் தம்மால் இயலாது, எனினும் உள்ளத்தில் இருப்பதை ஏளனத்துக்கு அஞ்சி மறைத்தால் தாம் கோழையாவோம் என்பது அவர் நிலை. பழம் பாவத்துக்கு இப்போது ஏன் தண்டனை, தென்னாட்டை விடுத்துப் பீகாருக்கு ஏன் தண்டனை என்று வினவியவர்க்கு, தாம் இறைவன் அல்லர், அவன் நோக்கத்தைத் தாம் முற்ற அறியோம் என்ற கருத்தில் மறுமொழி கூறினார். நாம் தடுக்கி நிற்கும் இடம் இதுவே. அவன் நோக்கத்தை முற்ற அறியோம் என்பது மெய்யானால், இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை என்று பெயர் குறித்துச் சொன்னது எவ்வாறு? அறியோம் என்ற அடக்கம் விடையில் வந்தது, தீர்ப்பு வந்தபோது வரவில்லை.

ஜவாஹர்லால் நேரு தம் வாழ்க்கை வரலாற்றில் இதனைத் தொட்டு எழுதியுள்ளார். நடுக்கத்தின் பின் முங்கேர் சென்று இடிபாடுகளிடையே மண்வெட்டி பிடித்தவர் அவர். காந்தியடிகளின் சொல்லைப் படித்துத் திகைத்துப்போனதாகக் கூறும் அவர், ஒரு சிறு குறும்பும் செய்கிறார். சட்டமறுப்பில் பீகார் முன்னின்றது, ஆதலால் இது அதற்குக் கிடைத்த தண்டனை என்று ஆங்கில அரசு சொன்னால் நாம் என்ன செய்வது என்பது அவர் கேள்வியின் போக்கு. சனாதனியும் அதே நடுக்கத்தை எடுத்து, கோயிற்கதவைத் திறக்கச் சொன்னதற்கான தண்டனை என்று திருப்பி வீசலாம். அவனை மறுக்கக் காந்தியடிகளிடம் என்ன அளவுகோல் இருக்கும்? இடிந்த சுவரில் எழுத்தில்லை. எழுதுகோல் யார் கையில் உண்டோ, அவர் தம் பகைவரின் பெயரை அதில் எழுதிக்கொள்கிறார்.

நடுநிலை கருதி ஒன்று கூறவேண்டும். காந்தியடிகள் எழுதியது பகைவரின் பெயரை அன்று, தம் பெயரை. தாமும் தம்மைச் சார்ந்த உயர்சாதியினரும் செய்த பாவம் என்றுதான் அவர் சொன்னார். மார்ச்சு மாதத்தில் பீகாருக்கே சென்று இடிந்த ஊர்களில் திரிந்தார். ஆயினும் மாண்டவர் அவர் சுட்டிய பாவிகள் அல்லர். தீண்டாமையால் ஒடுக்கப்பட்டோரின் குடிசைகளும் அதே மண்ணில்தான் புதைந்தன. பாவத்தை இழைத்தவனுக்கு விழவேண்டிய அடி, பாவத்துக்கு ஆளானவன் முதுகில் விழுந்ததாகக் கொள்ளும் உரை எவ்வாறு நீதியுரை ஆகும்?

பிற நாடுகளிலும் இதே கதைதான். 1906 ஏப்ரல் 18இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் நடுங்கிப் பின் நெருப்பில் வெந்தபோது, அந்நகரத்தின் கேளிக்கைக்குக் கிடைத்த கூலி என்று கிறித்தவப் போதகர் சிலர் முழங்கினர். தேவாலயங்கள் எரிந்துபோயின, ஒரு பெரிய சாராயக் கிடங்கு மட்டும் தப்பி நின்றது! அவ்வூர் நகைச்சுவையாளர் இதைப் பிடித்துக்கொண்டு போதகரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டனர். ஆனால் அந்நடுக்கத்தால் விளைந்த நன்மையும் உண்டு. ரீடு என்னும் அமெரிக்க அறிஞர், பிளவின் இருபுறமும் நிலமும் வேலியும் எவ்வளவு இடம்பெயர்ந்தன என்ற அளவைகளை ஆராய்ந்து, 1910இல் ஒரு கொள்கை வகுத்தார். வளைக்கப்படும் மூங்கிலைப் போலப் பாறையும் பல்லாண்டு மெல்ல வளைந்து, தாங்காத வேளையில் முறிந்து நிமிர்கிறது, அந்நிமிர்வே நடுக்கம் என்பது அதன் சாரம். இந்திய நிலப்பரப்பு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுவதால்தான் இமயத்தின் அடிவாரம் இப்படி அடிக்கடி முறிகிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. காங்கிராவும் பீகாரும் அந்த விளிம்பில் இருந்தன. அவற்றின் குற்றம் அவ்வளவே.

ஜப்பானில் 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நண்பகலுக்கு இரு நிமிடம் இருக்கையில் தோக்கியோவும் யோகோஹாமாவும் அதிர்ந்தன. அடுப்பெரியும் நேரமாதலால் தீ பரவி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஷிபுசாவா என்னும் பெருவணிகர், ஆடம்பரத்தில் மூழ்கிய நாட்டுக்கு வானம் தந்த தண்டனை என்றார். அகுதாகவா என்னும் சிறுகதையாசிரியர் அதை ஏற்கவில்லை. தண்டனை என்றால், தம்மினும் நல்லவர் வீடு எரிய, தம் வீடு ஏன் தப்பியது என்னும் முறையில் அவர் எண்ணினார். தப்பிப் பிழைத்தவனின் கூச்சம் அது. தண்டனை பேசுவோர் அனைவருமே தப்பிப் பிழைத்தவர்கள் என்பதை ஏனோ நாம் கவனிப்பதில்லை.

அதே நாட்களில், கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி எழுந்து, ஆயிரக்கணக்கான கொரியர் தெருக்களில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பெருவணிகரின் சொல்லுக்கும் இக்கொலைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. அவர் அதனை விரும்பியவரும் அல்லர். எனினும் நிலம் ஆடும்போது யாரோ ஒருவன் குற்றவாளியாக இருந்தே தீரவேண்டும் என்ற மனநிலை ஒன்றுதான். மேலே நோக்கினால் அது உபதேசமாகிறது, பக்கத்தில் நோக்கினால் கத்தியாகிறது.

நம் வாசகர் இவற்றையெல்லாம் பிறர் கதையாகப் படித்துச் செல்லலாகாது. 1920 டிசம்பர் 16இல் வடமேற்குச் சீனத்தின் ஹாய்யுவான் பகுதியில் நேர்ந்த நடுக்கத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஹூய் முஸ்லிம்கள் செறிந்து வாழும் நிலம் அது. காற்று கொணர்ந்து குவித்த மென்மையான மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து, குகை வீடுகளில் வாழ்ந்தனர். குன்றுகள் சரிந்து பள்ளத்தாக்குகளை நிரப்பின. குடும்பங்கள் இருந்த இடமும் தெரியாமல் மூடுண்டன. ஜஹ்ரிய்யா என்னும் தரீக்காவின் ஷெய்கு மா யுவான்சாங் அவ்வழிவில் மௌத்தானார். 1922இல் அமெரிக்க இதழாகிய நேஷனல் ஜியாகிரஃபிக்கில் இதுபற்றி ஒரு கட்டுரை வந்தது. 'மலைகள் நடந்த இடம்' என்று பொருள்படும் தலைப்பு, கண்முன் நிறுத்தும் வருணனை. ஆயினும் முஸ்லிம் தலைவரின் மரணத்தைச் சொல்லுமிடத்தில், அவர் புனிதப் போருக்குத் திட்டமிட்டிருந்தார் என்ற செய்தியையும் சேர்த்தே சொல்கிறது. மலையே வந்து ஒரு கலகத்தை அடக்கிற்று என்ற பொருள் படிப்பவர் நெஞ்சில் தானே ஊறிவிடும். அவ்வூர்க் குழந்தைகள் எந்தப் போருக்குத் திட்டமிட்டிருந்தனர்? இதைப் படிக்கையில் நமக்குச் சினம் மூண்டது. மூண்ட சினம் தணியுமுன்னரே, நாமும் இத்தகைய உரை ஒன்று நிகழ்த்தியவர்தாம் என்பது நினைவுக்கு வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் கரைக்கடலில் பூமி முறிந்தெழுப்பிய ஆழிப்பேரலை கடலூர்க் கரையையும் தாக்கியது. தேவனாம்பட்டினம் முதலிய மீனவச் சிற்றூர்கள் சிதைந்தன. எம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டனர். எம் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் நமக்கு ஒரு சேதமும் இல்லை. அடுத்து வந்த வெள்ளியன்று ஜும்ஆவில் பயான் செய்யும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. வயது முப்பதுகளில், சொல்வன்மையில் செருக்கிருந்த காலம். ஆது, சமூது கூட்டத்தார் அழிந்த வரலாற்றை எடுத்துரைத்து, கடற்கரையில் நடக்கும் ஒழுக்கக்கேடுகளை அடுக்கி, இது அதாபு என்று முடித்தோம். மக்கள் கண்ணீர் விட்டனர். நன்றாகப் பேசினீர்கள் என்று பலர் கை கொடுத்தனர்.

சில வாரங்கள் கழித்து, எம் தெருவுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மாள் கருவாட்டுக் கூடையுடன் வந்தார். அலைக்குப் பின் அவர் எம் ஊரில் உறவினர் வீட்டில் அடைந்திருந்தாராம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவ்வீட்டுக்கும் கேட்கும். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "பாய், அன்னிக்கு மைக்கில பேசினது நீங்கதானே?" என்றார். ஆம் என்றோம். "எம் பொண்ணோட புள்ளைக்கு மூணு வயசு. அது என்னா பண்ணுச்சுன்னு கடல் கொண்டுபோச்சு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அறிந்துகொள்ளவே கேட்டார். நாம் ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது நினைவில்லை. எம் வீட்டார் கருவாடு வாங்கிக்கொண்டு, கூடுதலாகக் காசு கொடுக்க, மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழாண்டு அரபி ஓதி, ஓதிக் கொடுத்தும் வந்தவர் அவ்வினாவுக்கு விடை அறியாதிருந்தது வெட்கத்துக்குரியது. விடை நம் கிதாபுகளிலேயே இருந்தது. திருக்குர்ஆனில் நிலம் அதிர்தலைக் குறிக்கும் சொற்களை நோக்குக. சமூது கூட்டத்தாரையும் மத்யன்வாசிகளையும் பிடித்த தண்டனையைச் சொல்லுமிடத்தில் 'ரஜ்ஃபா' என்ற பெயர்ச்சொல் வருகிறது. 'ஸல்ஸலா' என்னும் சொல்லும் அதன் வினைவடிவங்களும் வருமிடங்கள் வேறு. ஸூரத்துல் ஹஜ்ஜின் தொடக்கத்திலும் ஸூரத்துஸ் ஸில்ஸாலிலும் அது இறுதிநாளின் அதிர்வு. அல்பகறாவிலும் அல்அஹ்ஸாபிலும் அது துன்பத்தில் உலுக்கப்பட்ட நம்பிக்கையாளரின் நிலை! அகழ்ப்போரில் அண்ணலாரோடு நின்ற ஸஹாபாக்கள் உலுக்கப்பட்டார்கள் என்று சொல்லும்போது இறைவன் ஆள்வது இந்தச் சொல்லைத்தான். உலுக்கப்பட்டவன் வெறுக்கப்பட்டவன் என்ற பொருள் அச்சொல்லுக்குள் இல்லை. மேலும், அழிந்த கூட்டத்தாரின் வரலாற்றில் ஒரு நபி முன்னரே வந்து எச்சரிக்கிறார், பின்னர் இறைவனே காரணத்தைக் கூறுகிறான். தேவனாம்பட்டினத்துக்கு எந்த வஹீ வந்தது, நாம் காரணம் கூறுவதற்கு?

ஹதீஸ் இன்னும் தெளிவு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறுமகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அம்மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினர். துயரில் இருந்த தந்தைக்கு அப்பேச்சு ஆறுதலாகவும் பெருமையாகவும் இருந்திருக்கக்கூடும். ஆயினும் அவர்கள் அதை மறுத்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று அறிவித்துத் தொழுகைக்கு அழைத்தார்கள். நிகழ்ச்சியைக் கண்டு இறைவனை நினைத்தல் வேறு, நிகழ்ச்சிக்கு மனிதரிடம் காரணம் கற்பித்தல் வேறு என்ற வரம்பு அங்கே வகுக்கப்பட்டுவிட்டது. இடிபாட்டில் சிக்கி மாண்டவரையும் நீரில் மூழ்கி மாண்டவரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்த ஹதீஸை நாமே பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். சுவரும் கடலும் கொன்றவர்களுக்கு நம் மார்க்கம் கொடுத்த பெயர் அது. பயானில் நாம் கொடுத்த பெயர் எது?

இதற்கு மாறான சான்றும் உண்டு, அதை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. உமர் (ரலி) காலத்தில் மதீனா அதிர்ந்தபோது, புதிதாக என்ன செய்யத் தொடங்கினீர்கள் என்று மக்களைக் கடிந்துகொண்டார்கள் என ஓர் அறிவிப்பு வழங்குகிறது. ஆனால் உமர் (ரலி) கடிந்தது தம் முன் உயிரோடு நின்ற தம் மக்களை. தம்மைத் தாமே கணக்குப் பார்க்கச் சொன்ன சொல் அது. தொலைவில் மாண்ட வேற்றாரின் உடல்மேல் நின்று சொன்ன சொல் அன்று.

இமாம் ஸுயூத்தி (மறைவு 1505) நிலநடுக்கங்களுக்கெனவே ஒரு நூல் இயற்றியுள்ளார். 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா' எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூல், முன்னோர் காலம் முதல் தம் காலம் வரை எங்கெங்கு, எந்த ஆண்டில் நிலம் அதிர்ந்தது என்பதை வரிசையாகத் தொகுத்துரைக்கிறது. 1843இலேயே ஸ்பிரெங்கர் என்னும் ஐரோப்பியர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். நூலின் முற்பகுதியில் நடுக்கத்தின் காரணம் பற்றிய ஆராய்ச்சி வருகிறது. பூமிக்குள் அடைபட்ட ஆவி முட்டுவதே காரணம் என்று இப்னு ஸீனா முதலிய தத்துவ அறிஞர் கொண்ட கருத்தை ஸுயூத்தி மறுக்கிறார், பாவத்துக்கு எச்சரிக்கை என்ற பக்கமே சாய்கிறார். இன்றைய அறிவுக்கு இரு சாராருமே பிழைபட்டனர். எனினும் அந்நூலை இன்று யார் தேடுகிறார்கள்? நிலநடுக்க வரலாற்றை ஆராயும் அறிவியலார் தேடுகிறார்கள். அவர்கள் வேண்டுவது அவருடைய காரண விளக்கத்தை அன்று, ஆண்டையும் ஊரையும் விழுந்த கட்டடத்தையும் வழுவாமல் குறித்த அவர் கையை. இமாம் அவர்களின் தீர்ப்பு பழையதாயிற்று, பதிவு பழையதாகவில்லை.

தண்டனை என்று சொல்வதால் கெடுவது என்ன, மக்கள் திருந்தினால் நல்லதுதானே என்று கேட்பார் உண்டு. கெடுவது உயிர். 1935 மே 31 பின்னிரவில் குவெட்டா நகரம் அழிந்து, முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு நான்காண்டு முன்னர், 1931இல், அதன் அருகே மச் என்னுமிடத்தில் நிலம் நடுங்கியிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து, குமார் என்ற இளம் ரயில்வேப் பொறியாளர், இரும்புத் தண்டவாளங்களை உள்ளிணைத்து அதிர்வு தாங்கும் முறையில் குவெட்டாவில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகளைக் கட்டுவித்திருந்தார். இந்தியாவில் எப்பகுதிக்கு எவ்வளவு அபாயம் என்று காட்டும் படமும் 1933இல் வெளியிட்டார். நகரம் தரைமட்டமான அந்த இரவில் அவர் கட்டிய வீடுகள் நின்றன. ரயில்வே ஊழியர் மற்றவரினும் தக்வா மிக்கவர் என்று எவரும் வாதாட மாட்டார். சுவர் வலிதாக இருந்தது, உள்ளே உறங்கியவர் காலையில் எழுந்தனர். இவ்வுண்மையை மிம்பரில் சொல்லியிருந்தால் எத்தனை ஊர்களில் எத்தனை சுவர்கள் திருந்தியிருக்கும்! பாவத்தின் கணக்கை மட்டுமே கேட்டுவிட்டு வீடு திரும்பியவர், செங்கல்லையும் சாந்தையும் எண்ணிப் பார்ப்பாரா? பார்க்கச் சொல்பவர் யார்?

தாகூருக்கு நாம் முழுமையாகத் தலையாட்டிவிடவும் இல்லை. நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணம் உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்து நின்ற அம்மாளுக்கு அது விடையாகாது. நிலத்தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்று நுழைந்தன என்று அவரிடம் சொல்லியிருக்கலாம், அவர் கேட்டது அதனை அன்று. காந்தியடிகள் அவ்வினாவின் ஆழத்தை அறிந்திருந்தார், விடையில் தவறினார். தாகூர் விடையின் தவற்றை அறிந்திருந்தார், ஆனால் அம்மறுப்பில் இறந்தவரின் வீட்டார் யாரும் நிற்பதாகத் தெரியவில்லை. ஆறுதல் சொல்லத் தெரிந்த சொற்கள் நம்மிடம் இருந்தன. இன்னா லில்லாஹி என்ற சொல்லும், ஷஹீது என்ற சொல்லும், சிறுபிள்ளைகள் சுவனத்துக்கு உரியவர் என்ற நம்பிக்கையும் இருந்தன. அவற்றை அந்த வெள்ளியன்று வெளியே எடுக்கவில்லை.

அம்மாள் பின்னரும் பல ஆண்டுகள் எம் தெருவுக்கு வந்தார். இதுபற்றி மறுபடி ஒரு சொல் கேட்டதில்லை. நாமும் வாய் திறந்ததில்லை. இப்போது அவர் வருவதில்லை.

நெய்வேலி சென்று வந்த வாரத்தில், மூத்த மாணவனை அழைத்து மேற்கண்டவற்றில் சிலவற்றைச் சொன்னோம், மீன்கார அம்மாளின் கதை உட்பட. அவன் நீண்டநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "அப்போ நாங்க என்ன ஹஜ்ரத் செய்யறது?" என்றான். இமாம் ஸுயூத்தி செய்ததில் நிலைத்து நிற்கும் பாதியைச் செய்யலாம் என்றோம். எம் பகுதியில் நிலம் அதிர்ந்த நாட்களை மாணவர் இப்போது ஒரு குறிப்பேட்டில் தொகுக்கிறார்கள். அதிகம் இல்லை. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியை ஒட்டிப் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் தோன்றி, கடலூர் முதல் சென்னை வரை உணரப்பட்ட அதிர்வே முதற்பதிவு. அன்று எங்கே இருந்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று வீடுவீடாகச் சென்று முதியோரிடம் கேட்டு எழுதுகிறார்கள். ஹவ்ளுத் தண்ணீர் தளும்பிற்று என்றார் ஒருவர். மின்விசிறி ஊசலாடியது, ஜின் என்று நினைத்தேன் என்றார் ஒரு பாட்டியார். இஷா ஜமாஅத்தில் நின்ற ஒருவர் மட்டும் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். அதனையும் அவர் பெயருக்கு நேரே அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள்.